நம் கையில் இருப்பது எது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஆரம்பத்தில் அது வெறும் காபிப் பேச்சுதான். மாமியார், மேலதிகாரி, வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று அவரவர் மனக்குறையைக் கொட்டிவிட்டுப் போவோம். மறுவாரமும் அதே குறை, அதே வார்த்தைகள். 2024 மார்ச்சில், பெங்களூரே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, "சரி, இதில் நீ செய்யக்கூடியது என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினோம். அந்தக் கேள்வி எங்கள் பேச்சின் போக்கையே திருப்பிவிட்டது. நான் முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவள். மருத்துவரோ மனநல நிபுணரோ இல்லை. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, பட்டதிலிருந்தும் படித்ததிலிருந்தும் எனக்குத் தோன்றுகிற பதில்கள் இவை.

எது என் கையில் இருக்கிறது, எது இல்லை என்று எப்படிப் பிரிப்பது?

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் கையில் இல்லாதது, வலது பக்கம் இருப்பது. கேட்பதற்கு எளிது, எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்.

அந்த மார்ச் மாதத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிக் கிடந்தன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. எங்கள் தோழி ஒருவர் இடது பக்கம் மளமளவென்று எழுதினார்: மழை, காவிரி, லாரிக்காரர் வரும் நேரம், குழாயைத் திறந்துவிட்டே பல் துலக்கும் மேல்வீட்டுக்காரர். வலது பக்கம் காலியாகவே இருந்தது. வெகுநேரம் கழித்து, "அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு" என்று எழுதினார். அடுத்து, "குழாய்களுக்கு ஏரேட்டர்". குழாய் வாயில் திருகி மாட்டுகிற சிறு வலை அது. காற்றைக் கலந்து விடுவதால் குறைந்த தண்ணீரிலேயே கை கழுவிவிடலாம். மூன்றாவதாக, "மேல்வீட்டுக்காரரிடம் நேரில் பேசுவது" என்று எழுதினார்.

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. இடது பக்கத்தில் இருக்கிற மேல்வீட்டுக்காரர் வலது பக்கத்துக்கு எப்படி வந்தார்? அரைமணி நேரம் பேசியபின் தெளிந்தது: நான் போய்ச் சொல்வது வலது, அவர் கேட்பது இடது. ஒரே காரியம் நடுவில் பிளந்துகொள்கிறது. பெரும்பாலான காரியங்கள் இப்படித்தான் பிளக்கின்றன.

எழுவாய் யார் என்று பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். ஆனால் எழுவாயும் ஏமாற்றும். "நான் பதவி உயர்வு பெறுவேன்" என்ற வாக்கியத்தில் எழுவாய் "நான்"தான். ஆனால் "பெறுவேன்" என்ற சொல்லுக்குள் கொடுக்கிறவர் ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். அது இடது பக்கம் போகவேண்டிய வாக்கியம். "இந்த மாதக் கணக்கைப் பிழையில்லாமல் ஐந்தாம் தேதிக்குள் முடிப்பேன்" என்பது வலது.

இது யார் கண்டுபிடித்த யோசனை?

பழையது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் எபிக்டெட்டஸ் என்ற கிரேக்க அறிஞர் இதையே தன் போதனையின் வாசற்படியாக வைத்தார். ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் அவர். நம் எண்ணம், விருப்பம், முயற்சி ஆகியவை நம்முடையவை; உடல், சொத்து, பேர், பதவி முழுக்க நம்முடையவை அல்ல என்பது அவர் கட்சி. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாமல் இருந்த ஒருவர் சொன்னது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை கூடுதல். நம் காலத்தில், 1966-ல், அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் இதை வேறு கோணத்திலிருந்து ஆராய்ந்தார். தன் வாழ்க்கையில் நடப்பவை தன் செயலால் நடக்கின்றன என்று நம்புகிறவர்கள், வெளியிலிருந்து வந்து விழுகின்றன என்று நம்புகிறவர்கள் என்று மனிதர்களின் மனப்போக்கை அளக்கக் கேள்விகள் அமைத்தார்.

நான் மாறினால் எதிரில் இருப்பவரும் மாறுவாரா?

இந்தக் கேள்விதான் எங்கள் மாடியில் அதிகம் கேட்கப்படுவது. மாறலாம், மாறாமலும் போகலாம். அவரை மாற்றுவதற்காகவே நான் மாறுகிறேன் என்றால், நான் மாறவே இல்லை. பழைய பிடிவாதத்துக்குப் புதுச்சட்டை மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் மகன் படிப்பை முடித்துவிட்டு எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தான். தினமும் சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் கேட்டுவிடுவேன்: "ஏதாவது பதில் வந்ததா?" அக்கறையில்தான் கேட்டேன். அவன் வீட்டுக்கு வரும் நேரம் ஏழு மணியிலிருந்து ஒன்பதாகி, பத்தாகியது. ஒரு நாள் கதவின் அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருப்பது காலடியில் விழுந்த நிழலில் தெரிந்தது. மணியை அழுத்தாமல், சாவியை எடுக்காமல், நின்றுகொண்டே இருந்தான். உள்ளே வருவதற்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு உறைத்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

அவனுக்கு வேலை கிடைப்பது என் கையில் இல்லை. அந்தக் கேள்வி என் கையில் இருந்தது. நிறுத்தினேன். முதல் வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது உபவாசம் இருப்பதைவிடக் கடினமாக இருந்தது. அவன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. பேச்சு கூடவில்லை, சீக்கிரம் வரவும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒருநாள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, "அம்மா, பசிக்கிறது" என்றான். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் அவன் மனதில் உள்ளதை என்னிடம் முழுசாகச் சொல்கிறவன் இல்லை. ஆனால் கதவுக்கு வெளியே யாரும் நிற்பதில்லை.

அப்படியானால் அநியாயத்தையும் பொறுத்துக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்த ஊரில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", அதாவது கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் எல்லோரும் சொல்வோம். பஸ் இருக்கையில் நான்காவது ஆளுக்கு இடம் விடுவதற்கு அது அழகான வார்த்தை. அடி வாங்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது பாவம்.

எங்கள் மாடியிலேயே அந்தப் பாவம் நடந்தது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். முழங்கைக்கு மேல் நீலமாகக் கன்றியிருந்தது. எங்களில் மூத்த ஒருவர், "நீ உன் குணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார் அம்மா, அவர் தானாக அடங்கிவிடுவார்" என்றார். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும், அன்றைக்குப் பேசவில்லை. அவள் அடுத்த வாரம் வரவில்லை. அவள் அக்கா மூலம் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அவன் கோபம் அவன் கையில் இருப்பது. அவளுடைய குணத்தில் அதற்கு மருந்து கிடையாது. அவள் கையில் இருப்பவை வேறு: பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைப்பது, ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது, உடன்பிறந்தவளிடம் உண்மையைச் சொல்வது. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் அதில் அடங்கும். பாதுகாப்பு அதிகாரியிடம் முறையிடலாம். அதே வீட்டில் வசிக்கும் உரிமையையும் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

சின்ன அநியாயங்களுக்கும் இதுவே. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது விதி இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். மனுப் போடுவது வலது பக்கம்.

சில்க் போர்டு சந்திப்பில் தினமும் ஒன்றரை மணி நேரம் நிற்கிறேன். இதில் என்ன "கையில் இருப்பது"?

கிளம்பும் நேரம், போகும் வழி, அந்த நேரத்தில் காதில் கேட்பது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் தட மெட்ரோ திறந்தபோது எங்கள் தம்பி ஒருவர் பைக்கை வீட்டில் விட்டுவிட்டார். அந்தத் தடம் எட்டாத இடத்தில் வேலை பார்க்கிறவருக்கு அதனால் பயனில்லை என்பதும் உண்மைதான். அவருக்கு மிஞ்சுவது, முன்னால் நிற்கும் ஆட்டோக்காரர் இந்த நெரிசலை உண்டாக்கவில்லை என்ற நினைப்பு. அது சின்ன விஷயம் இல்லை. ஹாரன் மீது இருக்கும் கட்டைவிரலை எடுக்கவைக்கிற நினைப்பு அது.

இத்தனை வருடமாகக் கன்னடம் தெரியாமலே சமாளித்துவிட்டேன். இனிமேல் கற்கவேண்டுமா?

நான் 1989-ல் குடியாத்தத்திலிருந்து மணமாகி இங்கே வந்தேன். அல்சூரில் காய்கறி வாங்கவும், கோயிலுக்குப் போகவும், சண்டை போடவும் தமிழே போதும். இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் ஓர் அரசு அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஏதோ கேட்டார். தெரியாது என்று கையை விரித்தேன். "இங்கே வந்து எத்தனை வருடம்?" என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை, வெறுமனே திரும்பிக்கொண்டார். அந்த முதுகு என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

அப்போது எனக்கு 47 வயது. இனி எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் தமிழருக்குக் கன்னடம் பாதி தெரிந்த மொழி. சொல்லின் முதலில் வரும் "ப" பல இடங்களில் "ஹ" ஆகிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, பூ ஹூவு. மாரத்தஹள்ளியின் ஹள்ளி நம் ஊர்ப்பெயர்களில் வரும் பள்ளிதான் என்று தெரிந்த அன்று, புதையல் கிடைத்தவள் மாதிரி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் எண்களில் கன்னட இலக்கங்களைப் படித்தேன். பால் கடையில் "ஒந்து லீட்டர் ஹாலு கொடி" என்று முதல்முறை கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நன்றாகத் தமிழ் தெரியும். அன்றிலிருந்து என்னிடம் அவர் கன்னடத்தில்தான் பேசுகிறார், மெதுவாக, எனக்குப் புரியும்படி.

நம்மை வெறுக்கிறவர்கள் இருக்கும்போது மொழி கற்று என்ன பயன்?

2016 செப்டம்பர் 12-ஐ மனதில் வைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள். காவிரியில் தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 12,000 கன அடி திறக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திருத்திய உத்தரவு வந்த நாள். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. ஊரின் பல பகுதிகளில் ஊரடங்கு வந்தது. 1991 டிசம்பரில் தமிழருக்கு எதிராக நடந்த காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் முகம் வெளுத்துவிட்டது.

என் கன்னடம் ஒரு கல்லையும் தடுத்திருக்காது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டி, ஒரு கூடை மல்லிகையையும் நார்க் கட்டையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை பூக் கட்டினார். "நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போது யார் வருகிறார்கள் பார்க்கலாம்" என்றார். கன்னடத்தில்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது. கன்னடம் கற்பதற்கு முன்பாக இருந்தால் அவர் ஏன் வந்து உட்கார்ந்தார் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

வெறுப்பு முழுக்க இடது பக்கம்தான். ஊர்களுக்கு இடையிலான பிணக்குகளை ஊர்களே தீர்க்கவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து மூடியே நின்றது. 18 வருடம் கழித்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில அரசுகள் உட்கார்ந்து பேசியபின் நடந்தது அது. திண்ணையில் இடம் கொடுப்பது மட்டும் என்னுடையது.

வேலை போய்விட்டது. "உன்னை மாற்றிக்கொள்" என்று கேட்டாலே எரிச்சல் வருகிறது.

வரவேண்டியதுதான். வேலை போனது உங்கள் குறையால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கோ ஒரு நாட்டில் எடுத்த முடிவில், ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த ஒயிட்ஃபீல்டில் ஒரு தளமே காலியாகிறது.

வீட்டுக் கடன் தவணையோடு மாட்டிக்கொண்ட நாற்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். வலது பக்கத்தில் "வேலை கிடைக்கவேண்டும்" என்று எழுதியிருந்தார். அதை இடது பக்கம் நகர்த்தவே அவருக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. பிறகு எழுதியவை: தினமும் பழைய சக ஊழியர்கள் இரண்டு பேருக்குத் தொலைபேசி, காலையில் இரண்டு மணி நேரம் படிப்பு, தவணை பற்றி வங்கியில் முன்கூட்டியே பேசுவது, பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வது. கடைசியாக எழுதியதைத்தான் முதலில் செய்தார். எட்டு வயது மகள், "அப்படியானால் பள்ளி வண்டிக்கு நீங்களே வருவீர்களா?" என்று கேட்டாளாம். ஏழு மாதம் கழித்து, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. அந்த ஏழு மாதமும் அவர் சரியாகத்தான் முயன்றார். மீதி காலத்தின் கையில் இருந்தது.

ஒரு பழக்கத்தை மாற்ற எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிக்கொண்டு 22-ஆம் நாள் மனமுடைய வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சுமார் 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. எனக்குப் பிடித்தது அதில் இன்னொன்று: நடுவில் ஒருநாள் தவறினாலும் பழக்கம் குலைந்துவிடுவதில்லை.

பலமுறை முயன்று தோற்றுவிட்டேன். இனி முடியாது என்றே தோன்றுகிறது.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் 1967-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். தப்பிக்க வழியே இல்லாத துன்பத்தைத் திரும்பத் திரும்ப அனுபவித்த நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் அசையாமல் படுத்துவிட்டன. கையாலாகாமையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவர் மூளை ஆய்வுகளைப் பார்த்துத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள்: நீண்ட துன்பத்தின்முன் ஒடுங்கிப்போவதுதான் உயிரின் இயல்பு, "என்னால் ஏதோ முடியும்" என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. ஒடுங்கிப்போனதற்காக எத்தனை வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்!

கற்பதென்றால் சின்னதில் தொடங்கவேண்டும். "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்று சபதம் எடுக்காதீர்கள். "அவர் குரல் உயர்ந்தால், நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்" என்று, எப்போது என்ன செய்வேன் என்பதைச் சேர்த்து முடிவு செய்யுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, வெறும் உறுதிமொழியைவிட இப்படித் தருணத்தோடு முடிச்சுப் போட்ட முடிவே நிறைவேற வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்.

எல்லாம் விதிப்படி என்றால் முயற்சி எதற்கு?

என் மாமனார் பெரிய விதி நம்பிக்கைக்காரர். குடையில்லாமல் மட்டும் அவர் வெளியே போனதில்லை.

நோட்டு எடுத்து எழுதக்கூட மனம் வரவில்லை என்றால்?

எழுதவேண்டாம். தூக்கமும் பசியும் போய் வாரக்கணக்கில் இப்படி இருந்தாலோ, வாழவேண்டாம் என்ற நினைப்பு வந்தாலோ, அது மன உறுதியின் குறை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022-லிருந்து இயங்கும் அரசுச் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. கூட வருவதற்கு ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள். எங்களில் யாராவது வருவோம்.

அம்மாவுக்குக் குணமாகாத மறதி நோய். இதில் என்னை மாற்றி என்ன ஆகப்போகிறது?

என் அம்மா கடைசி நான்கு வருடம் என்னோடுதான் இருந்தார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணிப்பையில் ஒரு புடவையையும் சீப்பையும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "குடியாத்தம் பஸ் எத்தனை மணிக்கு?" என்பார். ஒரு வருடம் முழுக்க நான் திருத்திக்கொண்டிருந்தேன். "அம்மா, இது பெங்களூர். அந்த வீட்டை விற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது." ஒவ்வொரு நாளும் அந்த வீடு விற்கப்பட்ட செய்தியை அவர் முதல்முறையாகக் கேட்டார். ஒவ்வொரு நாளும் அழுதார். உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தினம் ஒருமுறை அவர் வீட்டை நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

அவர் ஞாபகம் என் கையில் இல்லை என்று மருத்துவர் முதல்நாளே சொல்லியிருந்தார். என் பதில் என் கையில் இருந்தது என்பது எனக்கு ஒரு வருடம் பிந்தித்தான் தெரிந்தது. அதன்பின் ஐந்து மணிக்கு நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவரோடு படியில் உட்கார ஆரம்பித்தேன். "பஸ் இன்னும் வரவில்லை அம்மா." குடியாத்தத்தில் யார் யார் காத்திருப்பார்கள் என்று சொல்வார்: அவர் தங்கை, கறவை மாடு, தறி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குத் தெரியாத கதைகள் எத்தனையோ அந்தப் படியில்தான் கேட்டேன். இருட்டும் நேரத்தில் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்றைக்குக் கூட்டமாக இருக்கும், நாளைக்குப் போகலாம்" என்று அவரே எழுந்து, பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவார்.